வாசகர் கேள்வி–பதில்: செவ்வால் விமானிகளும் பிரித்து வைக்கப்பட்ட படையும்

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கறுப்பின விமானிகள் தனிப் படைப்பிரிவாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று ஒரு கேள்விக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரை நம் பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. இவ்வளவு பெரிய விஷயத்தை இரண்டு வரியில் முடித்தது என் தவறு. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கிறேன், என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறேன். சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் விமானத்தின் இரைச்சல் எங்கள் வீட்டு முற்றம்வரை கேட்கும். அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் போர்விமானம் ஓட்ட விடாமல் தடுத்தது சட்டமா, வழக்கமா? அந்தத் தடை எப்படி உடைந்தது?
– ஒரு மாணவி, வேலந்தாவளம்

பதில்: "கறுப்பர் விமானம் ஓட்டக் கூடாது" என்று தனியாக ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. விண்ணப்பம் வந்தால், "கறுப்பினத்தவருக்கான விமானப் பிரிவு எங்களிடம் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரிவு இல்லாததால் ஆள் எடுப்பதில்லை; ஆள் எடுக்காததால் பிரிவு இல்லை. இந்த வட்டத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் இருந்தது. 1925-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி, கறுப்பினப் படைவீரர்களைப் போரில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. கறுப்பர் அறிவில் குறைந்தவர், ஆபத்தில் நிலைகுலைபவர், தலைமை தாங்கத் தகுதியற்றவர் என்றெல்லாம் அந்த அறிக்கை, அறிவியலின் மொழியை இரவல் வாங்கிக்கொண்டு எழுதியது. தெருவில் ஒருவன் பேசும் வெறுப்பை மறுத்துப் பேசிவிடலாம். அலுவலக முத்திரையோடு கோப்பில் ஏறிவிட்ட வெறுப்பை அகற்றுவது அவ்வளவு எளிதன்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் படை அதிகாரிகளின் எண்ணத்தில் அந்த அறிக்கைதான் குடியிருந்தது.

அந்த அறிக்கை பொய் என்பதற்கான சான்று, அது எழுதப்படும் முன்பே கண்முன் இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்த யூஜின் புல்லார்ட், முதல் உலகப் போரில் பிரான்சுக்காகக் காலாட்படையில் போரிட்டுக் காயமடைந்து, பின்னர் 1917-இல் பிரெஞ்சு விமானப் பிரிவில் போர்விமானியானார். அமெரிக்கா போரில் இறங்கியதும், பிரெஞ்சுப் படையில் இருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு மாற்றிக்கொண்டது. புல்லார்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்தார். அவர் இறந்தது 1961-இல். அமெரிக்க விமானப்படை அவருக்கு இரண்டாம் லெஃப்டினன்ட் பதவி அளித்தது 1994-இல்.

தடை உடைந்த விதத்தைப் பார்ப்போம். 1939-இல் குடிமக்களுக்கான விமானப் பயிற்சித் திட்டம் கல்லூரிகளுக்கு வந்தபோது, கறுப்பினக் கல்லூரிகள் சிலவும் அதில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, அலபாமா மாநிலத்தில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1881-இல் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிறுவனம். கறுப்பினப் பத்திரிகைகள் எழுதின. அமைப்புகள் அழுத்தம் கொடுத்தன. ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் போர்த்துறையின் மீது வழக்குத் தொடுக்கவும் முன்வந்தார். 1941 ஜனவரியில், கறுப்பினத்தவருக்கென்று தனி ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) ஒன்றை அமைப்பதாக அரசு அறிவித்தது. அதுதான் 99-ஆவது ஸ்குவாட்ரன். அதன் விமானிகளுக்கு டஸ்கீகியில்தான் பயிற்சி; 'டஸ்கீகி விமானிகள்' என்ற பெயர் அதனால் வந்தது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர், டஸ்கீகிக்கு வந்து கறுப்பினப் பயிற்சியாளர் ஓட்டிய சிறு விமானத்தில் ஏறிப் பறந்ததால்தான் கதவு திறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் பறந்தது 1941 மார்ச் 29 அன்று. 99-ஆவது ஸ்குவாட்ரன் அதற்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 22 அன்று முறைப்படி தொடங்கப்பட்டுவிட்டது. எலினோர் அம்மையாரின் துணிவை நான் மதிக்கிறேன். பாதுகாவலர்களின் ஆட்சேபத்தைக் கேட்காமல் அவர் ஏறிய அந்த அரைமணி நேரப் பயணத்தின் புகைப்படம், நாடு முழுவதும் பேசப்பட்டது உண்மை. ஆனால் கதவைத் தட்டித் தட்டித் திறக்கவைத்தவர்கள் வேறு பலர். அன்று அவரை ஏற்றிச் சென்ற சார்ல்ஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பர் என்பதால் எந்தப் பள்ளியும் அவருக்குப் பறக்கக் கற்றுத்தரவில்லை. கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய விமானத்தை வாங்கி, பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டு, பின்னர் ஒரு ஜெர்மானிய விமானியின் உதவியோடு 1932-இல் வணிக விமானி உரிமம் பெற்றவர் அவர். டஸ்கீகி மாணவர்கள் அவரைத் 'தலைவர்' என்றே அழைத்தார்கள்.

முதல் வகுப்பில் 13 பேர் சேர்ந்தார்கள். 1942 மார்ச் 7 அன்று விமானிச் சின்னம் பெற்று வெளியே வந்தவர்கள் 5 பேர்.

கேள்வி: இந்திய விமானப்படையில் இருபது ஆண்டுகள் தரைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டஸ்கீகி விமானிகள் பாதுகாப்புக்குச் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை என்று படித்தேன். இத்தனை ஆண்டு விமானங்களோடு பழகியவனுக்கு அதை நம்ப மனம் வரவில்லை. உண்மை என்ன?
– முன்னாள் படைவீரர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: ஐயா, தங்கள் ஐயம் சரியானது. அவர்களது பாதுகாப்பில் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் 27 எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டன. அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வாளர்களே ஆவணங்களை நாள்வாரியாக ஒப்பிட்டு இந்த எண்ணை உறுதிசெய்தார்கள். "ஒன்றும் இழக்கவில்லை" என்ற பேச்சு, போர் முடியும் தறுவாயில், 1945 மார்ச்சில் ஒரு கறுப்பினப் பத்திரிகையில் வந்த செய்தியிலிருந்து பரவியது. இத்தாலியில் இவர்கள் சேர்ந்திருந்த 15-ஆவது விமானப்படையில் அதே வேலையைச் செய்த மற்றக் குழுக்களின் சராசரி இழப்பு 46. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 27-ஐ வைத்துப் பாருங்கள். குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த வேறுபாட்டைப் பத்தால் பெருக்கிப் பார்த்தபின், இவர்களுக்கு எந்த மிகையும் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றியது.

அந்த இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்த பாதையைச் சொன்னால்தான் எண்ணின் எடை புரியும். அவர்களுடைய தளபதி பெஞ்சமின் ஓ. டேவிஸ் இளையவர். இவருடைய தந்தை, அமெரிக்கத் தரைப்படையின் முதல் கறுப்பின ஜெனரல். மகன் 1932-இல் வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் உடன் பயின்ற எவரும், பணி நிமித்தம் தவிர, அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தனி அறை, தனிச் சாப்பாடு. அவர் தாமாகவே விலகிப் போய்விட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அவர் போகவில்லை. 276 பேரில் 35-ஆவது இடத்தில் தேறினார். அந்த நான்கு ஆண்டு மௌனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை உணவு மேசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உப்பை நகர்த்தித் தரக்கூட யாரும் வாய் திறக்காத ஓர் அறையை நீங்களும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

99-ஆவது ஸ்குவாட்ரன் 1943-இல் வட ஆப்பிரிக்கா சென்றது. ஜூன் 2 அன்று பான்டெலேரியா தீவின் மீது முதல் போர்ப் பறப்பு. ஜூலை 2 அன்று சிசிலியில், சார்ல்ஸ் ஹால் என்ற விமானி முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். தளத்தில் தேடிப் பிடித்த ஒரே ஒரு கோகோ கோலா பாட்டிலை ஐஸில் குளிரவைத்து அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆனால் அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், அந்த ஸ்குவாட்ரன் இணைக்கப்பட்டிருந்த குழுவின் தளபதி கர்னல் மோமயர், இவர்களுக்குப் போர்க்குணம் போதாது, கட்டுக்கோப்பு போதாது என்று அறிக்கை அனுப்பினார். 1925-இன் அதே வாசகம் புதுத் தாளில் எழுதப்பட்டது போலத்தான் அது இருந்தது. அது மேலிடம்வரை சென்றது. முன்னணிப் போரிலிருந்தே இவர்களை விலக்கிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது.

1943 அக்டோபரில் டேவிஸ் வாஷிங்டனில் ஒரு குழுவின் முன் நின்று பதில் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை, கணக்கைச் சொன்னார். மற்ற ஸ்குவாட்ரன்களில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணிக்கை விமானிகளோடு போர்முனைக்கு வந்தோம், ஆகையால் ஒவ்வொருவரும் அதிக முறை பறக்க நேர்ந்தது. மற்ற ஸ்குவாட்ரன்களில் புதியவர்களுக்கு வழிகாட்டப் போர் கண்ட மூத்த விமானிகள் இருந்தார்கள், எங்களிடம் ஒருவரும் இல்லை என்றார். ஏன் இல்லை என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி. மூத்த கறுப்பின விமானி உருவாக அந்தப் படை ஒருபோதும் இடம் கொடுத்ததில்லை. அனுபவம் பெற விடாமல் தடுத்தவர்களே, பிறகு அனுபவம் இல்லை என்று குறை எழுதினார்கள். பின்னர் நடத்தப்பட்ட புள்ளிவிவர ஆய்வில், மத்தியதரைக் கடல் பகுதியில் பி-40 ரகப் போர்விமானம் ஓட்டிய மற்ற ஸ்குவாட்ரன்களுக்கு 99 எவ்வகையிலும் குறைந்ததன்று என்று தெரியவந்தது. அதற்கு முன்பே, 1944 ஜனவரி 27, 28 ஆகிய இரண்டு நாள்களில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைக்கு மேல் நடந்த வான்போரில், அந்த ஸ்குவாட்ரன் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்தி நேரடியாகவே பதில் சொல்லிவிட்டது.

அதன்பின் 99, 100, 301, 302 ஆகிய நான்கு ஸ்குவாட்ரன்களும் 332-ஆவது குழுவாக டேவிஸின் தலைமையில் இத்தாலியின் ராமிடெல்லி தளத்திலிருந்து பறந்தன. மஸ்டாங் ரகப் போர்விமானங்களின் வால் முழுவதற்கும் சிவப்பு வண்ணம் பூசினார்கள். 'செவ்வால்' என்ற பெயர் வந்தது அதனால்தான். எதிரி விமானத்தைத் துரத்திச் சென்று வீழ்த்தினால் விமானிக்குப் பெயர். ஆனால் துரத்திப் போன நேரத்தில் குண்டுவீச்சு விமானம் காவலின்றி நிற்கும். பெயரை விட்டுக் காவலைப் பிடிக்க வேண்டும் என்பது டேவிஸின் கண்டிப்பான கட்டளை. 1945 மார்ச் 24 அன்று, போகவும் வரவும் ஏறத்தாழ 1,600 மைல் கொண்ட பெர்லின் பயணத்தில், ஜெர்மனியின் ஜெட் விமானங்கள் மூன்றை இவர்கள் மஸ்டாங்கால் வீழ்த்தினார்கள். அந்தப் பணிக்காகக் குழுவுக்கு உயரிய படைச் சிறப்புச் சான்று கிடைத்தது.

தாங்கள் தரைப் பணியாளராக இருந்தவர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். டஸ்கீகியில் பயிற்சி பெற்ற விமானிகள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் 355 பேர் வெளிநாட்டுப் போர்முனையில் பறந்தார்கள். என்ஜின் பிரித்தவர், குண்டு ஏற்றியவர், பாராசூட் மடித்தவர், வானிலை பார்த்தவர், செவிலியர் எனத் தரையில் நின்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பிரித்து வைத்த படை என்பதால் இவர்கள் அத்தனை பேரையும் புதிதாகவே உருவாக்க வேண்டியிருந்தது. படங்களில் இவர்கள் முகம் தெரிவதில்லை.

கேள்வி: விமானிகளைப் பற்றி மட்டுமே எல்லோரும் எழுதுகிறீர்கள். தரையில் இருந்த சாதாரணக் கறுப்பினப் படைவீரர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? பெண்கள் இருந்தார்களா? நம் நாட்டுப் பக்கம் யாராவது வந்தார்களா?
– ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: பெரும்பாலோருக்குச் சுமை தூக்கவும், சாலை போடவும், சமைக்கவும், லாரி ஓட்டவும்தான் வேலை கிடைத்தது. துப்பாக்கியைக் கையில் கொடுக்கத் தயங்கியவர்கள் மண்வெட்டியைக் கொடுக்கத் தயங்கவில்லை. கடற்படையில் சமையற்கூடப் பணியாளாக இருந்த டோரி மில்லர், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நாளில், தனக்குப் பயிற்சியே தரப்படாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். கடற்படைச் சிலுவை விருது பெற்றார். ஆனால் அவருடைய பணி சமையற்கூடப் பிரிவிலேயே தொடர்ந்தது.

பிரான்சின் நார்மண்டியில் கிடைத்த வெற்றிக்குப் பிறகு படை வேகமாக முன்னேறியபோது, அதற்குப் பெட்ரோலும் குண்டும் உணவும் கொண்டு சேர்த்த 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரிப் படையில் நான்கில் மூன்று பேர் கறுப்பர். 1944 ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை இரவு பகலாக ஓட்டினார்கள். வாளையார் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, தூக்கமில்லாத ஓட்டுநரின் கண் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பினத்தவரைக் கொண்ட 761-ஆவது டாங்க் பட்டாலியன் 183 நாள்கள் போர்முனையில் நின்றது.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். 6888-ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியன் என்று ஒன்று இருந்தது, 855 கறுப்பினப் பெண்கள், தளபதி மேஜர் சாரிட்டி ஆடம்ஸ், ஆசிரியையாக இருந்து படைக்கு வந்தவர். 1945 தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு அவர்கள் வந்தபோது, படைவீரர்களுக்கு வீட்டிலிருந்து வந்த அஞ்சல் கூரைவரை மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்தது. கணப்பு இல்லாத கொட்டகை. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இருட்டடிப்புச் செய்த சன்னல்கள். பொட்டலங்களில் இருந்த கேக்கைத் தின்று கொழுத்த எலிகள். 'ராபர்ட் ஸ்மித்' என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். "அப்பாவுக்கு", "ஜூனியருக்கு" என்று மட்டும் எழுதிய உறைகளும் வந்தன. அவர்கள் ஒவ்வொரு படைவீரருக்கும் எண்ணோடு கூடிய அட்டை தயாரித்து, மூன்று முறைவேலையாக (ஷிப்டாக) நாள் முழுவதும் பிரித்தார்கள். ஒரு முறைவேலைக்கு ஏறத்தாழ 65,000 கடிதங்கள். ஆறு மாத வேலை மூன்று மாதத்தில் முடிந்தது. ஒருநாள் பார்வையிட வந்த ஜெனரல், இந்தப் பிரிவை எப்படி நடத்துவது என்று காட்ட ஒரு வெள்ளை லெஃப்டினன்டை அனுப்புகிறேன் என்றார். தன் உயிர் உள்ளவரை அது நடக்காது என்று அணிவகுப்பின் முன்னிலையிலேயே சாரிட்டி ஆடம்ஸ் பதில் சொன்னார். அவர் மீது விசாரணை நடத்த முயன்ற ஜெனரல், பின்னர் தாமே அதைக் கைவிட்டார்.

நம் நாட்டுக்கும் வந்தார்கள். அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பாங்சாவ் கணவாய் ஏறி, பர்மா வழியாகச் சீனாவுக்குப் போகும் சாலையை 1942 இறுதியிலிருந்து வெட்டிய அமெரிக்கப் படைவீரர் சுமார் 15,000 பேரில், பத்தில் ஆறு பேர் கறுப்பர். மழை, மலேரியா, மண்சரிவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், அவர்களைவிட அதிகமாக நம் நாட்டுக் கூலிகளும் அந்த மலைகளில் உயிரிழந்தார்கள். முதல் வாகன அணி 1945 பிப்ரவரி 4 அன்று குன்மிங்கை அடைந்தது.

கலிஃபோர்னியாவின் போர்ட் சிகாகோவையும் விட்டுவிட முடியாது. கப்பலில் வெடிகுண்டு ஏற்றும் வேலையை அங்கே கறுப்பர்களுக்கே கொடுத்திருந்தார்கள். முறையான பயிற்சி தரவில்லை. 1944 ஜூலை 17 இரவு கப்பல் வெடித்து 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பர். சில வாரங்களில் அதே வேலைக்கு மீண்டும் அழைத்தபோது மறுத்தவர்களில் 50 பேருக்குக் கலகக் குற்றத்தின் பேரில் தண்டனை. அந்தத் தீர்ப்புகளைக் கடற்படை ரத்து செய்தது 2024 ஜூலை 17 அன்று. சரியாக எண்பது ஆண்டுகள் கழித்து.

கேள்வி: தன்னை மனிதனாகவே மதிக்காத நாட்டுக்காக ஒருவன் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்? அடிமைப் புத்தி என்றுதானே இதைச் சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது; ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். இதே கேள்வியை அவர்களே, போரின் நடுவில், அச்சில் கேட்டார்கள். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையின் உணவகத்தில் வேலை பார்த்த 26 வயது ஜேம்ஸ் தாம்ப்சன், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் 1942 ஜனவரி 31 அன்று வெளியாயிற்று. பாதி அமெரிக்கனாக வாழ்வதற்கா நான் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வெளியே உள்ள எதிரியின் மீது ஒரு வெற்றி, உள்ளே உள்ள எதிரியின் மீது இன்னொரு வெற்றி என்று இரண்டு வெற்றி வேண்டும் என்றார். அந்த 'இரட்டை வெற்றி' முழக்கம் கறுப்பின மக்களிடையே பெரும் இயக்கமாயிற்று. ஒரு வாசகர் கடிதத்திலிருந்து அது எழுந்தது என்பதில், வாசகர் கடிதங்களோடு வாழும் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. குடியுரிமையின் கடமையை எங்களிடம் வாங்கிக்கொண்டால் அதன் உரிமையையும் கொடு என்று கணக்கு முடிக்கச் சொன்னவர்களை அடிமை என்று எப்படி அழைப்பது?

அவர்கள் கணக்கு முடித்த ஒரு நாளைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். இந்தியானா மாநிலத்தின் ஃப்ரீமன் தளம், 1945 ஏப்ரல் 5. கறுப்பினக் குண்டுவீச்சுப் பிரிவான 477-ஆவது குழு அங்கே இருந்தது. அதிகாரிகளுக்கு இரண்டு கிளப்புகள். ஒன்று பயிற்றுநர்களுக்கு, மற்றொன்று பயிற்சி பெறுபவர்களுக்கு என்று ஆணை. பயிற்றுநர் எல்லோரும் வெள்ளையர். கறுப்பின அதிகாரி எவராயினும் 'பயிற்சி பெறுபவர்'. காகிதத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் ஒரு தளத்தில் உள்ள அதிகாரிகள் கிளப் எல்லா அதிகாரிகளுக்கும் உரியது என்று படையின் விதியே சொன்னது. அன்று மாலை கறுப்பின அதிகாரிகள் இரண்டு பேராக, மூன்று பேராக வெள்ளையர் கிளப்பின் கதவுக்கு வந்தார்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த அணி வந்தது. கைது செய்யச் செய்ய மேலும் வந்தார்கள். பின்னர், அந்தப் பிரிவினை ஆணையைப் படித்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது 101 பேர் மறுத்தார்கள். போர்க்காலத்தில் மேலதிகாரியின் ஆணையை மீறினால் மரணதண்டனைவரை போகலாம் என்று எச்சரித்தும், ஒவ்வொருவராகத் தனியே அழைத்துக் கேட்டபோதும், பேனாவைத் தொடவில்லை. ஒருவருக்கு மட்டும், தடுத்தவரை உரசித் தள்ளிய குற்றத்துக்காக 150 டாலர் அபராதம். ரோஜர் டெர்ரி என்ற அந்த அதிகாரிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதும், மற்றவர்களின் பதிவேட்டில் இருந்த கண்டனங்கள் நீக்கப்பட்டதும் 1995-இல்.

அலெக்சாண்டர் ஜெஃபர்சன் என்ற செவ்வால் விமானி, 1944 ஆகஸ்டில் பிரான்சின் தூலோன் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மன் சிறைமுகாமில் இருந்தார். அங்கே அவரை ஓர் அமெரிக்க அதிகாரியாக நடத்தி, வெள்ளை அதிகாரிகளோடு ஒரே அறையில் வைத்தார்கள். விடுதலையாகி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கும்போது, கப்பல் படிக்கட்டின் அடியில், வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் மறுபக்கம் என்று பிரித்தார்கள்.

கேள்வி: நம் நாட்டிலும் இப்படி ஓர் அறிக்கை, இப்படி ஒரு பிரிவினை இருந்ததா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: இருந்தது. 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஆங்கிலேயர் ஒரு கோட்பாடு வைத்திருந்தார்கள். 1880-களில் மதராஸ் படைக்குத் தலைமை வகித்து, பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு, தென்னிந்தியர் போருக்கு உதவார் என்று நம்பியவர்; அவர் காலம் தொட்டு நம்மவர்களின் இடம் சுருங்கிக்கொண்டே வந்து, 1920-களின் இறுதிக்குள் மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது அந்த நம்பிக்கை எங்கே போயிற்று என்று தெரியாதபடி மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடரும் ஒன்றாக நிற்கும் அந்த ரெஜிமென்டின் 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற முழக்கம் தமிழா மலையாளமா என்று நம் எல்லை ஊர்களில் இன்றும் விவாதம் நடக்கும். 1923-இல் வந்த எட்டுப் பிரிவுத் திட்டமோ, இந்திய அதிகாரிகளை எட்டே எட்டுப் படைப்பிரிவுகளுக்குள் அடக்கி வைத்தது. ஓர் ஆங்கிலேய இளைய அதிகாரி இந்திய மேலதிகாரிக்குச் சல்யூட் அடிக்கும் நிலை வரக்கூடாது என்பதே அதன் உட்பொருள்.

ஆனால் அந்நியர் நமக்குச் செய்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால் என் மனச்சாட்சி ஒப்பாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் எல்லையோரச் சிற்றூரின் டீக்கடையில், பாய்லருக்குப் பக்கத்தில் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக இருக்கும். கடையின் பின்புறம், ஓலைத் தட்டியில் செருகிய சிரட்டைகள் இருக்கும். தோட்ட வேலை முடித்து வருபவர்கள், அவரவர் சிரட்டையை எடுத்துப் பிடிக்க, டீ உயரத்திலிருந்து ஊற்றப்படும். குடித்ததும் கழுவி, அதே ஓட்டையில் செருகிவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர், பர்மாப் போர்முனையில் சாலை போட்டுவிட்டுத் திரும்பியவர் என்று பின்னாளில் என் தந்தை சொன்னார். அந்தச் சிரட்டையில் ஒரு கீறல் இருந்ததும், டீ ஒழுகாமலிருக்க அவர் அந்த இடத்தை விரலால் அடைத்துப் பிடித்ததும் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஃப்ரீமன் தளத்தின் கிளப் கதவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: படையில் பிரிவினை எப்போது முடிந்தது? அவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?
– ஒரு வாசகி, நல்லேப்பிள்ளி

பதில்: அதிபர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்த 9981-ஆம் எண் ஆணையால் அது முடிவுக்கு வந்தது; ஆனால் கடைசித் தனிப் பிரிவுகள் கலையக் கொரியப் போரையும் தாண்டி 1954 ஆயிற்று. ட்ரூமனின் மனத்தை உலுக்கியவற்றுள் ஒன்று, ஐசக் வுடார்ட் என்ற சார்ஜன்டுக்கு நேர்ந்தது. 1946 பிப்ரவரி 12 அன்று படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அவரை, தென் கரோலினாவில் ஒரு காவல்துறைத் தலைவர் அடித்து இரு கண்களையும் குருடாக்கினார். நீதிமன்றம் அந்தக் காவலரை அரைமணி நேரத்தில் விடுவித்தது.

மரியாதை தாமதமாக வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு கறுப்பருக்குக்கூட அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது தரப்படவில்லை. 1997-இல் ஏழு பேருக்கு அறிவித்தபோது, நேரில் வந்து வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. டஸ்கீகி விமானிகளுக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2007-இல் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. 1949 மே மாதத்தில், புதிதாகத் தோன்றிய அமெரிக்க விமானப்படை, லாஸ் வேகாஸில், விமானத்திலிருந்து சுடும் தன் முதல் போட்டியை நடத்தியது. நாடெங்கிலுமிருந்து பிரிவுகள் வந்தன. ப்ரொப்பெல்லர் விமானப் பிரிவில் முதலிடம் பெற்றது 332-ஆவது குழு. கோப்பையோடு புகைப்படம் எடுத்தார்கள். சில வாரங்களில், ஜூலை 1 அன்று, ஒருங்கிணைப்பின் பகுதியாக அந்தக் குழு கலைக்கப்பட்டது. கோப்பை கிடங்குக்குப் போயிற்று. விமானப்படை பற்றிய ஆண்டு ஏட்டில், 1949-இன் வெற்றியாளர் என்ற இடத்துக்கு எதிரே 'தெரியவில்லை' என்றே பல்லாண்டுகள் அச்சாகி வந்தது. முன்னாள் விமானிகள் தொடர்ந்து எழுதியதால் அந்தச் சொல் 1995-இல் திருத்தப்பட்டது. கோப்பை 2004-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் கிடங்கில் கிடைத்தது. வென்றவர்களில் சிலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். தாங்கள் வென்ற கோப்பையை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தொட்டுப் பார்த்தார்கள்.